தரகு வாங்காத தரகர்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியிலும் செம்பூரிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கைபேசி வழியாக அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை வாங்குகிறார்கள். ஆப்பிளில் ஒரு பங்கு, டெஸ்லாவில் அரைப் பங்கு. சட்டம் அனுமதிக்கிறது. ரிசர்வ் வங்கி 2004-இல் கொண்டுவந்த திட்டத்தின் கீழ் இப்போது ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆனால் "தரகே இல்லை" என்று விளம்பரம் செய்கிறார்களே, தரகு வாங்காத தரகன் எதைத் தின்று வாழ்கிறான்?

அமெரிக்காவின் ராபின்ஹூட் கம்பெனியைப் பாருங்கள். வாடிக்கையாளர் கொடுத்த ஆர்டர்களைப் பெரிய வியாபாரிகளிடம் திருப்பிவிட்டு, அவர்களிடம் காசு பெற்றது. இதை வாடிக்கையாளரிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்ட, 2020 டிசம்பரில் ஆறரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே, 2021 ஜனவரி 28 அன்று, கேம்ஸ்டாப் பங்கு விலை கொதித்துக்கொண்டிருந்தபோது, விற்கலாம், வாங்கக்கூடாது என்று கதவைச் சாத்தியது. பிணைத்தொகை கட்ட வேண்டியிருந்தது என்றார்கள். இருக்கட்டும். வேறு வழி வைத்திருந்த பெரிய நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லையே!

இங்கிருந்து போகும் பணத்துக்கு வங்கி வைத்ததுதான் டாலர் விலை. அனுப்பும் கூலி தனி, ஜி.எஸ்.டி. தனி. மாதம் 5,000 ரூபாய் அனுப்புகிறவனிடம் வங்கி 500 பிடித்தால், பங்கு வாங்குமுன்பே பத்தில் ஒன்று போயிற்று. டிவிடெண்டில் 25 சதவிகிதத்தை அமெரிக்கா பிடித்துக்கொள்ளும். அதை இங்கே வரியில் கழித்துக்கொள்ளத் தனிப் படிவம் போட வேண்டும்.

அரைப் பங்கு வைத்திருந்தாலும் வருமானவரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியாக வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபர் முதல், வீடு நிலம் நீங்கலாக 20 லட்சத்துக்குட்பட்ட சொத்துக்கு அந்த அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது. ரயில்வே தோழர்களுக்கு இன்னொன்று: 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், பங்குகளை அடிக்கடி வாங்கி விற்பது சூதாட்டமாகவே கருதப்படும். அமெரிக்கப் பங்கு என்றால் விலக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

தகராறு வந்தால் யாரிடம் போவது? கணக்கு இருப்பது பெரும்பாலும் அங்குள்ள தரகரிடம். இங்குள்ள கம்பெனி அறிமுகம் செய்துவைத்ததோடு சரி. நம் பங்குச் சந்தைகளின் குறைதீர்க்கும் மன்றம் இதற்குத் திறக்காது. அங்கே தரகர் திவாலானால் 5,00,000 டாலர் வரை பாதுகாப்பு உண்டு. விலை விழுந்தால் எதுவும் இல்லை. துண்டுப் பங்கை வேறு தரகருக்கு மாற்றவும் பொதுவாக முடியாது, விற்றுத்தான் தீர வேண்டும்.

எங்களை அதிகம் உறுத்துவது வேறு. பணியிலிருக்கையில் மாண்ட தோழரின் மனைவிக்கு செட்டில்மெண்ட் வாங்கித் தரவே எத்தனை முறை ஆபீஸ் படி ஏறுகிறோம்! அந்தப் படி நியூயார்க்கில் இருந்தால்? நம் நாட்டில் 1985-இல் ஒழிந்த சாவு வரி அமெரிக்காவில் இருக்கிறது. அங்கு குடியில்லாதவர் வைத்திருக்கும் அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 40 சதவிகிதம் வரை வரி. இரு நாட்டு வருமானவரி ஒப்பந்தம் இதற்குத் துணை வராது. ஒன்பது மாதத்தில் வாரிசு அங்கே கணக்குக் கொடுக்க வேண்டும். அறுபதாயிரம் எங்கே, நாம் எங்கே என்று சிரிக்கலாம். கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்தாண்டு உழைத்த பிள்ளைக்கு அது எட்டாத தொகை இல்லை. கணக்கு இருப்பதே தாய்க்கும் மனைவிக்கும் தெரியாது. கடவுச்சொல் அவன் மண்டைக்குள்.

ஆகவே இப்படிக் கணக்கு வைத்திருக்கும் தோழர்கள், தரகர் பெயர், கணக்கு எண், பணம் அனுப்பிய வங்கி ரசீது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். வரிக் கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். சென்ற ஆண்டு ரிட்டர்ன் நகலை மறக்காமல் கொண்டுவாருங்கள்.