கயிறு மறக்காது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைவாய்ப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு இங்கே என்னைவிடத் தகுதியான ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பின்னல் கோலாட்டம் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். இறுதியாண்டுக் கல்லூரி விழாவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலாட்டம் ஆடிய எட்டுப் பேரில் நானும் ஒருவன்.

சொல்லிக் கொடுத்தவர் சுந்தரபாண்டியபுரத்தில் என் ஆச்சி. ‘ரோஜா’ படம் எடுத்த ஊர், சூரியகாந்தி பூக்கிற ஊர் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். தீபாவளி அமாவாசைக்குப் பிறகு களிமண்ணில் பசுவும் கன்றும் செய்து வைத்துப் பெண்பிள்ளைகள் கோலாட்டம் அடிக்கிற வழக்கம் நெல்லைச் சீமையில் உண்டு. ஆச்சி கற்றது அந்தக் காலத்துத் தெருவில். நாங்கள் கற்றது அவர் வீட்டு வேப்பமரத்தடியில், சனி ஞாயிறுகளில்.

ஆட்டம் இதுதான். மேலே ஒரு வளையத்தில் எட்டு வண்ணக் கயிறு. நுனி ஆளுக்கு ஒன்று, இடக்கையில் கோலோடு. நான்கு பேர் வலமாக, நான்கு பேர் இடமாக. எதிரே வருகிறவரை ஒருமுறை வெளிப்பக்கமாகக் கடந்தால் அடுத்தவரை உட்பக்கமாகக் கடக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றில் எட்டுச் சந்திப்பு. மேலே சடை திரண்டு இறங்கும். பிறகு திரும்பி ஆடி, அத்தனையும் அவிழ வேண்டும்.

பின்னுவது ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அவிழ்க்கும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் சிக்கல். காரணம் திரும்புகிற இடம். வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே என்று கால் பழகிப்போயிருக்கும். எட்டாவதாக உள்ளே போனவன் திரும்பியதும் மறுபடி உள்ளேதான் போக வேண்டும். கால் கேட்காது, வெளியே போய்விடும். கம்ப்யூட்டர் மாணவர்கள் ‘ஸ்டாக்’ படிப்பீர்களே, கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பது, அதேதான். ஆச்சிக்கு ஸ்டாக் தெரியாது. “கடைசியா எவனைத் தாண்டுனியோ அவன் மூஞ்சிதாம்லே முதல்ல வரும். தாண்டுன பக்கமாவே திரும்பித் தாண்டு” என்பார். இரண்டு சந்திப்பு பின்னி இரண்டு அவிழ்க்க வைத்தார், பிறகு நான்கு, பிறகு எட்டு. முழுச் சடையைப் பார்க்கவே ஒரு மாதம் ஆனது.

எனக்குப் பொறுமையில்லை. என்ஜினீயர் ஆகப்போகிறவன் இல்லையா? வரைபடம் போட்டேன். தரையில் சாக்பீஸால் எண் எழுதி, முகத்துக்குப் பதில் எண்ணைப் பார்த்துத் திரும்பச் சொன்னேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை.

விழாவுக்கு முந்தின இரவு, சடை இன்னும் நீளமாக இருந்தால் கைதட்டல் விழும் என்று ஒரு சுற்றை ஒன்றரைச் சுற்றாக்கினேன். பன்னிரண்டு சந்திப்பு, அவ்வளவுதானே! பேப்பரில் சரியாகவே இருந்தது. மேடையில் திரும்பியது மறுகோடியில், எண் எதுவும் எழுதாத இடத்தில். நாலே சந்திப்பில் கயிறு இறுகிவிட்டது. அரங்கமே ஊளையிட்டது. திரையைப் போட்டார்கள். திரைக்குப் பின்னால், மஞ்சள் கயிறு பிடித்திருந்த நண்பனை எல்லோர் முன்பும் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டேன். அவன் பதில் பேசவில்லை. அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சே இல்லை.

வேலை நிமித்தம் மாசசூசெட்சில் இருந்தபோது ‘காண்ட்ரா’ என்ற நடனம் பார்த்தேன். எதிரெதிராக இரண்டு நீள வரிசை, பிடில் இசை, மேடையில் நின்று அடுத்த அசைவைக் கூப்பிட்டுச் சொல்ல ஒருவர். முதலில் இசையில்லாமல் நடத்திக் காட்டுகிறார். ஆட்டம் பிடிபட்டதும் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார். அதில் ‘ஹே’ என்று ஓர் அசைவு, நம் சடைப்பின்னல் நடையேதான், கயிறு மட்டும் இல்லை. அறுபத்து நான்கு தாளத்தில் ஒரு சுற்று முடிந்து ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்திருக்கும். யாராவது தவறினால் சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்கிறார்கள். தப்பு கரைந்துவிடுகிறது. நம் ஆட்டத்தில் அது நடக்காது. கயிறு எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

விழா முடிந்த மறுநாள் ஆச்சி அந்தச் சிக்கலை அப்படியே வாங்கிக்கொண்டுபோய்த் திண்ணையில் உட்கார்ந்து அவிழ்த்தார். பாதியில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று முழுசாகச் சுற்றியிருந்தன. “மஞ்சள் ஒழுங்காத்தான் போயிருக்கு. சிவப்பு யாருதுலே?”

சிவப்பு என்னுடையது. திரும்பியதும் நான் வெளியே போனதும், பச்சைக்காரன் மோதாமல் இருக்க எனக்கு வழிவிட்டு உள்ளே நுழைந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆச்சி வேறொன்றும் கேட்கவில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மஞ்சள் கயிற்றுக்காரன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், அன்னிக்குத் தப்பு என்னோடதுடா.

அந்தக் கயிறுகளையே கொண்டு வந்திருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு ஒர்க்‌ஷாப் எதிரில் இருக்கிற வேப்பமரத்தில் கட்டுகிறோம். மாணவர்களில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், என்னோடு ஏழு. இரண்டு சந்திப்பிலிருந்து ஆரம்பிப்போம். மஞ்சளை யாருக்கும் கொடுக்கவில்லை.