ஊர்க்காரர்கள் காப்பாற்றிய கோட்டை


பிரான்சுக்குப் போனால் பாரிசோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு சனி, ஞாயிறைத் தெற்கே கர்கசோன் நகருக்கு ஒதுக்குங்கள். துலூஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆற்றின் பழைய பாலத்தில் நின்றால், 52 கோபுரங்கள் கொண்ட இரட்டை மதில் கோட்டை கண்முன் எழும். பகலில் கூட்டம் நெரியும். ஓர் இரவு தங்கினால் அதிகாலையில் மதிலோரம் நிம்மதியாக நடக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், பாழடைந்த இந்தக் கோட்டையை இடித்துவிட அரசே முடிவு செய்தது. குரோ-மேரெவியே என்ற உள்ளூர்க்காரர் முன்னின்று எதிர்த்தார், ஊரும் சேர்ந்துகொண்டது. முடிவு கைவிடப்பட்டது. 1853-இல் மதில் சீரமைப்பு தொடங்கியது. 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

"நான் ஒருவன் சங்கக் கூட்டத்துக்கு வராவிட்டால் என்ன?" என்று தோன்றும்போது, அந்த மதிலை நினைத்துக்கொள்ளுங்கள்.