பாடம் இலவசம், உட்கார்ந்து படிக்க இடம் எங்கே?

(வளையமாதேவியில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் வாசகம்)



2023 ஜூலை 26-ம் தேதி இந்த ஊர் வயலில் நடந்ததை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வேண்டும் என்று, வளர்ந்து நின்ற நெற்பயிர் மீது யந்திரங்களை ஏற்றினார்கள். நிலம் போன வீட்டுக்கு வேலை கொடு என்று கேட்கிறோம். 2022-ல் நெய்வேலி நிறுவனம் பயிற்சிப் பொறியாளர்களை எடுத்ததோ 'கேட்' தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து! அந்த மதிப்பெண்ணுக்கு நம் பிள்ளைகள் எங்கே போவது? கோச்சிங் வகுப்புக்குக் கட்டப் பணம் ஏது?

இந்த இடத்தில்தான் இலவசப் பாடம் நமக்கு முக்கியமாகிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் 'என்.பி.டெல்' திட்டத்தைத் துவக்கின. 2017-ல் மத்திய சர்க்கார் 'ஸ்வயம்' தளத்தைத் திறந்தது. ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த சில ஆயிரம் பேர் மட்டுமே கேட்டு வந்த பாடத்தை இன்று யாரும் காசில்லாமல் கேட்கலாம். இது சாமான்ய விஷயமல்ல. இதைக் கேலி பேசுவோர் பக்கம் நாம் இல்லை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார் செயற்கை அறிவு பற்றி நடத்திய இலவச வகுப்பில் உலகெங்கும் சுமார் 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். முடித்தவர்கள் 20,000-க்குச் சற்று மேல்தான். சோம்பேறிகள் என்று சொல்லிவிடலாமா? வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடுகிறது. இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் போனுக்காக அண்ணனும் தங்கையும் மல்லுக்கு நிற்கிறார்கள். தங்கைதான் தோற்கிறாள். 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இதை வீட்டுக்கு வீடு கண்டோம். பாடம் இங்கிலீஷில் ஓடுகிறது. சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துரை வந்திருக்கிறது, நல்லது, போதாது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆளில்லை. பாடம் இலவசம்தான், சான்றிதழுக்குத் தேர்வெழுதவோ கட்டணம் கட்ட வேண்டும்.

இன்னொன்று. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-ல் லாப நோக்கமின்றித் துவக்கிய 'எடெக்ஸ்' தளத்தை 2021-ல் ஒரு கம்பெனிக்கு 80 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கிய கம்பெனி 2024-ல் திவால் மனுப் போட்டது! தனியார் தயவில் நிற்கும் இலவசம் எத்தனை நாளைக்கு? நமது தளங்கள் பொதுப் பணத்தில் நடப்பவை. அப்படியே நடக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. ஊரில் ஒரு படிப்பகம், நாலு கம்ப்யூட்டர், மாலை ஆறு முதல் ஒன்பது வரை இணைப்பு. பெண் பிள்ளைகள் திரும்பும் பாதையில் விளக்கு. நெய்வேலிப் பொறியாளர்கள் வாரம் இரண்டு மாலை வந்து சந்தேகம் தீர்க்கட்டும். தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கட்டும். கரி எடுக்க நம் மண் வேண்டுமென்றால் இதைக்கூடவா செய்யக் கூடாது?

மனு மேசை மீது இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வாருங்கள். பேனா கொண்டு வராதவர்கள் பக்கத்தில் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.