குடும்ப வைத்தியரும் தாயின் நலமும்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், அன்னை அதைத் தோளிற் சுமந்து தெருக்கோடி வைத்தியரிடம் விரைகிறாள். தன் களைப்புக்காக அவள் அவ்வாசலை மிதிப்பது அரிது. ஆதலால், குழந்தைக்கு மருந்தெழுதும்போதே தாயின் கீழிமையின் உட்புறத்தையும் நோக்குவதை நான் வழக்கமாகக் கொண்டேன். அது வெளுத்திருப்பின் இரத்தசோகையென ஐயுறலாம். இரத்தப் பரிசோதனை அதனை உறுதி செய்யும்.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினர் சோகையுற்றோர். அத்தகைய தாய்க்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து நேரும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாய்க் கிடைக்கிறது. காப்பி, தேநீருடன் உட்கொண்டால் அச்சத்து உடலிற் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லியும் துணைசெய்யும்.

ஆயினும், காரணத்தை அறியாது மாத்திரை மட்டும் கொடுத்தாற் போதாது. மாமியாருக்கு மருந்தளித்து, கணவனுக்கு ஊசியிட்டு, பிள்ளைகள் வளரக் கண்ட உள்ளூர் வைத்தியரிடம் ஒரு பெண் மனந்திறந்து பேசுகிறாள். மாதவிடாயில் உதிரம் மிகுதியாய்ப் போவதையும், எல்லோரும் உண்டபின் எஞ்சியதையே தான் உண்பதையும் அவரிடமே கூறுகிறாள். நோயின் வேர் அங்கே புலப்படுகிறது.

மாணவ நண்பர்களே! இன்றிரவு அன்னையையும் உங்களோடு அமர்ந்து உண்ணச் சொல்லுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் செல்லுகையில், "அம்மாவையும் பாருங்கள், ஐயா" என்று நீங்களே கேளுங்கள். தனக்காக அவள் கேட்கமாட்டாள்.