மணமுள்ள புகையும் மணமில்லா வாயுவும்



இறைச்சியையும் மீனையும் புகையில் பதப்படுத்துவது மிகத் தொன்மையான வழக்கம். நம் கடைத்தெருவில் விற்கும் மாசிக் கருவாடு, சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திச் செய்ததேயாகும். மாலத் தீவினர் அக்கலையில் வல்லவர். அமெரிக்க நாட்டில் இன்று பலர் இவ்வேலையை ஒரு மின்சாரப் பெட்டியிடம் ஒப்படைத்திருக்கின்றனர். அந்தப் பெட்டியால் ஒரு நாள் எனக்கு நேரவிருந்த கேட்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெட்டி பார்வைக்குச் சிறிய அலமாரி போன்றிருக்கும். அடியில் மின்சாரக் கம்பிச்சுருள்; அதன்மேல் மரச்சில்லுகள் இட்ட தட்டு; அடுத்து ஒரு நீர்க்கிண்ணம்; அதற்கும் மேலே கம்பித் தட்டுகளில் இறைச்சி; உச்சியில் புகைபோக்கி. உள்ளே ஏறத்தாழ 107 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பன்றித் தோள் இறைச்சி பத்து மணி நேரம் வரை கிடந்து பக்குவமாகும். சில்லுகள் சுடர்விட்டு எரிவதில்லை, கனன்று புகைகின்றன. சுவை அந்தக் கனலில்தான் பிறக்கிறது. ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில், மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே பனி முழங்காலளவு கிடந்தது. காற்று ஊசியாய்க் குத்திற்று. அந்தக் காற்றில் பெட்டி சூடேறாது என்று கருதிய நண்பர், அதை வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டுக்குள் வைத்தார். "திறந்த வெளியில் மட்டுமே பயன்படுத்துக" என்று உடன்வந்த ஏட்டில் அச்சிட்டிருந்தது. அவர் பொறியியல் படித்தவர். அதைப் படிக்கவும் செய்திருந்தார். கார்களை வெளியே நிறுத்தி, பெரிய கதவை ஓரடி உயர்த்திவைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. நானும் தலையாட்டினேன்.

இறைச்சியைப் பார்க்கச் சமையலறைக் கதவு வழியே நாங்கள் போவதும் வருவதுமாக இருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு எனக்குத் தலை வலித்தது. பயணக் களைப்பென்று எண்ணினேன். நண்பரின் பத்து வயது மகள் குமட்டுகிறதென்று சொல்லிச் சாய்வு நாற்காலியில் படுத்துவிட்டாள். அவ்வேளையில் சுவரிலிருந்த ஒரு சிறு கருவி கீச்சென்று அலறத் தொடங்கியது. புகை நெடிக்குத்தான் கத்துகிறது என்று நினைத்து, அதன் பாட்டரியைக் கழற்ற நான் நாற்காலிமேல் ஏறினேன்! நண்பரின் மனைவி ஓடிவந்து, "அண்ணா, இறங்குங்கள்! அது புகையைக் கண்டு கத்துவதன்று, விஷவாயுவைக் கண்டு கத்துவது" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பனியில் போய் நின்றோம். தீயணைப்புப் படையினர் வந்து அளந்து பார்த்துக் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டனர். அரைமணி நேரத்தில் குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். பாட்டரியைத் தொட்ட என் விரல்கள் நெடுநேரம் நடுங்கின. அது குளிரினால் மட்டுமன்று.

அந்த வாயு கார்பன் மோனாக்சைடு. பிராணவாயு போதாமல் விறகோ கரியோ கனலும்போது அது மிகுதியாக உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. புகையின் நறுமணம் மூக்குக்கு எட்டுகிறது. உடன்வரும் நஞ்சு எட்டுவதில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்கிறது. கிளாடு பெர்னார்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இதை ஆராய்ந்தார். பின்னர் ஜே. எஸ். ஹால்டேன் அவ்வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து, தம் உடலில் கண்ட மாறுதல்களை 1895-ல் எழுதினார். சுரங்கங்களுக்குச் சிறு பறவைகளைக் கொண்டுசெல்லும் யோசனையும் அவருடையதே. பிரிட்டனில் 1986 வரை கானரிப் பறவைகள் அந்தப் பணியைச் செய்தன. எங்கள் சுவரில் அலறியது அந்தப் பறவையின் வாரிசு என்று சொல்லலாம்.

கதவுதான் ஓரடி திறந்திருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டில் வெப்பக்காற்று மேலெழுந்து மாடி இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழே கிடைத்த வழியிலெல்லாம் காற்று உள்ளிழுக்கப்படுகிறது. வீடே ஒரு புகைபோக்கியாகிறது! ஷெட்டிலிருந்த வாயு தெருவை நாடாமல் சமையலறையை நாடியதில் வியப்பில்லை. நம் உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அஞ்சி அறைக்குள் கரியடுப்பு மூட்டி உறங்கியோர் மாண்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். கரியடுப்பை நோக்க மின்பெட்டியின் கைப்பிடிச் சில்லுகள் சிறிதே. ஆயினும் மணிக்கணக்கில் அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறோம் அல்லவா?

மின்சாரத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 800 வாட் பெட்டி நம் 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட்டிலோ ஏழு ஆம்பியருக்குச் சற்றே குறைவு. கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. மெல்லிய நீட்டிப்புக் கம்பியைச் சுருட்டி வைத்தபடியே பத்து மணி நேரம் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

ஷெட்டில் பெட்ரோல் டப்பாவும் இருப்பது வழக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து அடியிலுள்ள சூடான சுருளைத் தேடி வரும். கொழுப்பு சொட்டித் தீப்பற்றினாலோ, உடனே கதவைத் திறந்து பார்க்கத்தான் கை துடிக்கும். திறக்கலாகாது, திறந்தால் தீக்குக் காற்று கிடைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்திக் கதவை மூடியே வைக்கவேண்டும். எரியும் கொழுப்பின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறித்துத் தீயைப் பரப்பும்.

மறுநாள் காற்று அடங்கியிருந்தது. நண்பர் வீட்டுச் சுவரிலிருந்து நெடுந்தொலைவில், பனியைச் சுரண்டிய திறந்த முற்றத்தில் பெட்டியை நிறுத்தி, தடித்த கம்பியால் இணைத்தார். முந்தைய நாள் பாதி வெந்து நின்றுபோன இறைச்சியை அவர் மனைவி குப்பையில் எறிந்துவிட்டார். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். இரவெல்லாம் அணைந்த பெட்டியிலேயே கிடந்த அதை மீண்டும் சூடாக்கினாலும் நம்புவதற்கில்லை. புதிய துண்டில் வெப்பமானியைக் குத்தி வைத்து, கம்பளியும் தொப்பியுமாக நாங்கள் முறைபோட்டுக் காவலிருந்தோம். உட்புறம் 95 டிகிரியைத் தொட்டபோது இரவு ஒன்பது மணி. குழந்தை அதற்குள் ரொட்டியும் பாலும் உண்டு உறங்கிப்போயிருந்தாள். அவள் பங்கைத் தனியே எடுத்து மூடிவைத்துவிட்டு நாங்கள் உண்ண அமர்ந்தோம்.