மண்ணெண்ணெய் குடித்த கார்

பழைய மோட்டார்க் கார்களைப் பேணுவோரிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை தம் வண்டிகளைத் துடைத்து மெருகேற்றி, நெடுந்தூரம் ஓட்டிச் சென்று, ஓரிடத்தில் வரிசையாக நிறுத்திக் காட்சிப்படுத்துவர். நடுவர்கள் வந்து பார்ப்பர், புள்ளியிடுவர், பரிசு வழங்குவர். பாடசாலை அதிபர் ஒருவருக்கு அங்கே என்ன அலுவல் என்று நீங்கள் வினவலாம். என் தந்தையார் விட்டுச் சென்ற, 1953ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ 40 சோமசெற் கார் ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. அதனை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம், ஒரு காட்சிக்காக ஓட்டிச் சென்றேன். அப்பயணம் என் மனத்தில் எழுப்பிய ஒரு வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் காரைப்பற்றிச் சில சொற்கள். சோமசெற் என்னும் இவ்வகைக் கார், இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரிலுள்ள லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. 1200 சீ.சீ. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். உருண்டு திரண்ட உடல். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சிறு கைபோல் எழுந்து திசை காட்டும் கருவி. 1960களிலும் 1970களிலும் நம் நாட்டில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், கையில் இருந்ததைக் காப்பாற்றி ஓட்டுவது எல்லோருக்கும் பழக்கமாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிஸும் வாடகைக் கார்களாக நெடுங்காலம் உழைத்தன. என் தந்தையாரும் வாடகைக் கார் ஓட்டியே என்னைப் படிப்பித்தார். நான் கலைப் பட்டதாரியானது இந்தக் காரின் உழைப்பினால் என்றே சொல்லவேண்டும்.

இனி, விடயத்துக்கு வருகிறேன். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர், பெற்றோல், பற்றறி முதலாய பல பொருட்கள் வடக்கே வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்னைக்கொண்டு வானொலி கேட்ட காலம் அது. இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அவ்வாறு செய்தி கேட்டவர்கள் பலர் இருப்பர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

இது எவ்வாறு இயலும் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது; ஆதலால் தொடக்கத்தில் தீப்பற்றாது. ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னர் ஆவியாகும். எனவே, சிறிதளவு பெற்றோலைக்கொண்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். நிறுத்துவதற்குச் சற்றுமுன் மறுபடி பெற்றோலுக்கு மாறினால்தான், அடுத்த முறை இயக்குவதற்குக் காபரேற்றரில் பெற்றோல் இருக்கும். இது புதுமையன்று. வயல்களில் நாம் கண்ட பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகையை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடுமாறு 1949 முதல் ஆங்கிலேயரே செய்து விற்றார்கள். அவர்கள் உழவு இயந்திரத்துக்குச் செய்ததை, எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் 1991இல் என் தந்தையாரின் காருக்குச் செய்தார்.

அவர் செய்தது இதுதான். பின்னாலுள்ள தாங்கியில் மண்ணெண்ணெய். பொனற்றின் உட்புறம், காபரேற்றருக்கு மேலாக, ஒரு லீற்றர் கொள்ளும் தகரப் பேணி, அதிற் பெற்றோல். இரண்டிலிருந்தும் வரும் செப்புக் குழாய்கள் ஒரு பித்தளை வால்வில் வந்து கூடும். வால்வை ஒருபுறம் திருப்பினால் பெற்றோல். மறுபுறம் திருப்பினால் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க் குழாயைப் புகை வெளியேறும் குழாயின்மேல் இரு சுற்றுச் சுற்றிச் சூடேறச் செய்தார். எஞ்சின் இடிக்காதிருக்கத் தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினார். வெள்ளைப் புகை எழும், கண் எரியும், பிளக்குகளில் கரி படியும், எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். சூடான எஞ்சினுக்கு மேலே பெற்றோற் பேணி வைப்பது ஆபத்தானது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும் பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரையும், காயமுற்றோரையும் அந்தக் கார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, இக்காரில் பன்னிருவர் ஏறியிருந்தோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய தெருவில் சனத்திரள் அங்குலம் அங்குலமாகவே நகர்ந்தது. என் தந்தையார் அன்றிரவு முழுவதும் எஞ்சினை நிறுத்தவேயில்லை. நிறுத்தினால் மீண்டும் இயக்குவதற்குப் பேணியிற் பெற்றோல் இல்லை என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மறுநாட் காலையில்தான் எங்களுக்குச் சொன்னார்.

காலம் மாறியது. பெற்றோல் வந்தது. தந்தையாரும் காலமானார். பேணியும் வால்வும் மட்டும், உபயோகமின்றி, அவ்விடத்திலேயே இருந்தன.

கொழும்பிலே பழைய கார்களின் காட்சி நடைபெறுகிறது என்று நண்பர் ஒருவர் விண்ணப்பப் படிவம் ஒன்றை அனுப்பினார். அதில் ஒரு வினா: கார் தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் நிலையில் உள்ளதா? பிற்காலச் சேர்க்கைகளுக்குப் புள்ளி குறைக்கப்படும் என்பது விதி. நான் மெக்கானிக்கிடம் போனேன். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. “அண்ணை, அந்தப் பேணியையும் வால்வையும் கழட்டிவிடுவமோ?” என்று கேட்டேன். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தோன்றவில்லை. “கழட்டலாம் தம்பி. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாப்பிறகு கழட்டுவம். வழியிலை என்ன தேவைப்படுமெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். தாமும் கூட வருவதாகச் சொன்னார்.

காட்சிக்கு இரு நாள் முன்னதாக, விடியற்காலையிற் புறப்பட்டோம். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம். ஆனையிறவில் உப்பளங்களின்மேற் கதிரவன் எழுந்தான். முறிகண்டியில், வழிவழி வந்த வழக்கப்படி இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டோம். மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று ஊர்கள் கழிந்தன. 2002இல் திறந்து, 2006இல் மூடி, போர் முடிந்த பின் மறுபடி திறந்த இந்த ஏ 9 பாதையில், ஒவ்வோர் ஊரிலும் எங்கே எத்தனை மணி நேரம் காத்து நின்றோம் என்பதை மெக்கானிக் சொல்லிக்கொண்டே வந்தார். வவுனியாவில் உணவு. றேடியேற்றருக்கு இருமுறை தண்ணீர். அநுராதபுரத்தை அடைந்து, புத்தளம் பாதையிலே திரும்பினோம்.

நொச்சியாகமவைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் எஞ்சின் விக்கியது, பின் நின்றது. மெக்கானிக் பொனற்றைத் திறந்து, பெற்றோல் பம்பியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளிருந்த றப்பர்ச் சவ்வு கிழிந்துவிட்டது. எழுபது ஆண்டுப் பழமையான பம்பிக்கு அவ்விடத்திற் சவ்வு ஏது? மாலை நான்கு மணி கடந்துவிட்டது. வீதியால் வந்த முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இருட்டினால் இப்பகுதியில் யானை வரும் என்று சிங்களத்திற் சொல்லி எச்சரித்தார்.

மெக்கானிக் பேணியைத் தட்டிப் பார்த்தார். பின்னாலுள்ள தாங்கியிலிருந்து றப்பர்க் குழாயினால் ஒரு போத்தல் பெற்றோல் இழுத்து, எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து, பேணியில் ஊற்றினார். வால்வைத் திருப்பினார். பேணி காபரேற்றருக்கு மேலே இருப்பதால் அதற்குப் பம்பி வேண்டியதில்லை. பெற்றோல் தானாகவே இறங்கும். எஞ்சின் இயங்கியது. ஒரு பேணிக்குப் பத்துக் கிலோமீற்றர். ஐந்து முறை நிறுத்தி, ஐந்து முறை ஊற்றி, இரவு எட்டரை மணிக்குப் புத்தளம் சேர்ந்தோம். மறுநாட் காலையில் அங்குள்ள ஒரு கராச்சில், பெற்றோலுக்கு இளகாத றப்பர்த் துணியிற் புதிய சவ்வொன்றை அவரே கத்தரித்துப் பொருத்தினார். சிலாபம், நீர்கொழும்பு வழியாக அன்று மாலையே கொழும்பை அடைந்துவிட்டோம்.

அன்றிரவு அவர் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, “இப்ப கழட்டட்டோ தம்பி?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பேணியிலிருந்த பெற்றோலை மட்டும் வடித்து, நன்கு துடைத்து வைத்தோம்.

நேயர்களே, இங்கேதான் என் வினா எழுகிறது. ஒரு பழம்பொருளின் அசல் நிலை என்பது எது? தொழிற்சாலை வாயிலைக் கடந்த நாளில் இருந்த நிலை மட்டுந்தானா?

உலகில் மோட்டார்க் காரில் முதன்முதலாக நெடும்பயணம் செய்தவர் ஒரு பெண்மணி. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பேர்த்தா பென்ஸ் என்னும் ஜேர்மானிய மாது, கணவர் காள் பென்ஸுக்குச் சொல்லாமல், தம் மைந்தர் இருவருடன் மான்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ட்ஸ்ஹைம் நகருக்குக் காரோட்டிச் சென்றார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லொக் என்னும் ஊரில் மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியாற் குத்தி நீக்கினார். பிறேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரைக்கொண்டு அதன்மேல் தோலை அடிப்பித்தார். அந்தத் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்ததன்று. ஆயினும் வரலாற்று நூல்கள் அதனைப் போற்றிச் சொல்கின்றன.

அமெரிக்காவிலோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1932ஆம் ஆண்டுப் போட் போன்ற மலிவான பழைய கார்களை வாங்கிய இளைஞர்கள், மட்காட்டைக் கழற்றி, பெரிய எஞ்சினைப் பூட்டித் தம் மனம்போல் மாற்றியமைத்தார்கள். ஹொட் றொட் என்று அவற்றுக்குப் பெயர். கலிபோர்ணியாவின் ஓக்லண்ட் நகரிலே, இத்தகைய கார்களுள் மிக அழகியதற்கு 1950இல் ஒரு பரிசு ஏற்படுத்தப்பட்டது. மாற்றியமைத்த திறமைக்கே அங்கு புள்ளி. ஆசையினால் செய்த மாற்றம் கலை எனப்படுகிறது. இல்லாமையினால் செய்த மாற்றத்தை மட்டும் நாமே வெட்கப்பட்டு மறைக்க முற்படுகிறோம். நானும் அவ்வாறு முற்பட்டவனே.

காட்சியிலே எங்கள் காருக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர் பேணியைக் கண்டார், என்னவென்று கேட்டார், முழுவதையும் பொறுமையுடன் கேட்டபின், விதிப்படி புள்ளியைக் குறைத்தார். அவர்மேற் குறை சொல்வதற்கில்லை. அசல் வடிவத்தையும் எவரேனும் காக்கத்தானே வேண்டும்? ஆனால் பின்னேரம்வரை பொனற்றைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். தென்பகுதியிலிருந்து வந்த ஒருவர், 2022ஆம் ஆண்டில் இரண்டு நாட்கள் எரிபொருள் வரிசையிற் கிடந்ததைச் சொல்லிவிட்டு, “உங்களுக்கு அது எத்தனை ஆண்டு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு மெக்கானிக்கிடம் சென்று, வால்வு எப்படித் திரும்பும் என்று காட்டச் சொன்னார். ஒருவர் சிங்களத்திலும் மற்றவர் தமிழிலுமாக அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். பேணியை யார் செய்தார், எந்த ஆண்டில், எதற்காக, செப்புக் குழாய் எங்கிருந்து கிடைத்தது என்பவற்றை மெக்கானிக் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கிக் காரிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் வீடுகளிலும் இத்தகைய பொருட்கள் இருக்கும்: சக்கரம் மாற்றிய தையல் இயந்திரம், கம்பியாற் கட்டிய கதிரை, டைனமோ பூட்டிய வானொலி. அவற்றைப் புதுப்பிக்க விரும்பினால் தாராளமாகப் புதுப்பியுங்கள். அதற்கு முன்னர், அந்தத் திருத்தத்தைச் செய்த கை யாருடையது என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.