இயக்கவியல் பாடம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?



மேலே எறியப்பட்ட பந்து ஒன்று இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், அந்த நொடியில் அதன் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? இயக்க விதிகள் மூன்றையும் பிழையில்லாமல் எழுதக்கூடிய பத்தாம் வகுப்பு மாணவரிடம் கேட்டால் அடிக்கடி வருகிற விடை இது: கை கொடுத்த விசை மேல்நோக்கி, புவியீர்ப்பு விசை கீழ்நோக்கி, கை கொடுத்தது தீர்ந்ததும் பந்து திரும்பிவிடும். உண்மையில் அங்கே இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். பந்து கையை விட்ட கணத்தோடு கையின் வேலை முடிந்துவிட்டது.

இந்தத் தவறான விடைக்கு வயது அதிகம். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ழான் பூரிடான் என்ற அறிஞர் ஏறத்தாழ இதையே சொன்னார்: எறிபவர் பொருளுக்குள் ஓர் உந்துதலைச் செலுத்துகிறார், அதுதான் பொருளைக் கொண்டுசெல்கிறது என்று. நியூட்டனின் 'பிரின்சிப்பியா' வெளிவந்தது 1687-ல்தான். பெரிய அறிஞர்களையே நூற்றாண்டுக் கணக்கில் பிடித்து வைத்திருந்த எண்ணத்தை, ஒரு மாணவர் நாற்பது நிமிட வகுப்பில் உதறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

மாணவர் மனத்தில் அந்த எண்ணத்தை விதைப்பது அன்றாட அனுபவம். கோவையின் அடையாளமாகிவிட்ட வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளலாம். கெட்டியான மாவு அரைபட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கல் சட்டென்று நின்றுவிடுகிறது. ஓட வேண்டுமென்றால் விசை இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் அதே மாணவரின் தந்தை வேலை பார்க்கும் லேத் பட்டறையில் வேறொரு சாட்சி இருக்கிறது. மோட்டாரை அணைத்த பிறகும், பொருளைப் பிடித்துச் சுழலும் சக் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை கை வைக்கக் கூடாது என்பது பட்டறையில் சேரும் பையனுக்கு முதலில் சொல்லப்படுகிற எச்சரிக்கை. கரண்ட் நின்ற பிறகு இரண்டையுமே எந்த விசையும் ஓட்டவில்லை. கிரைண்டரை நிறுத்துகிற விசை பெரியது, சக்கை நிறுத்துகிற விசை சிறியது, வேறுபாடு அவ்வளவே. நிறுத்துகிற விசை அறவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால் வகுப்பு கலிலியோவின் வாசலில் வந்து நிற்கும்.

பாடநூலில் நிலைமம் நியூட்டனின் முதல் விதியில் வருகிறது, நிறுத்துகிற விசையான உராய்வோ தனித் தலைப்பாக வேறோரிடத்தில் வருகிறது. உராய்வை முன்னால் கொண்டுவராமல் முதல் விதியைச் சொன்னால் அது மாணவருக்குப் பொய்யாகவே படும். அவர் எதிர்த்துப் பேச மாட்டார். தேர்வுக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று என்று இரண்டு இயற்பியலை வைத்துக்கொள்வார்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் 'விசையும் இயக்கமும்' இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்', பதினொன்றாம் வகுப்பில் மீண்டும் அதே தலைப்பு. ஆகவே பாடப்பொருள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கற்பிக்கும் முறையில்தான் குறை. இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1992-ல் ஹெஸ்டெனிஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் மூவரும் கணக்கே இல்லாத, விசை பற்றிய புரிதலை மட்டும் சோதிக்கும் வினாத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அதைக் கொண்டு ரிச்சர்ட் ஹேக் 62 பாடப்பிரிவுகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் முடிவுகளை ஒப்பிட்டு 1998-ல் எழுதினார். பாடத்துக்கு முன் மாணவர்களுக்குத் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பாடத்துக்குப் பின் தெரிந்தது என்பதே அளவுகோல். ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொண்ட வகுப்புகளில் அது சராசரியாக 23 சதவீதம். மாணவர்கள் கணித்து, செய்து, தங்களுக்குள் விவாதித்த வகுப்புகளில் 48 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல் என்பது மகிழ்ச்சி. நல்ல முறையிலும் பாதியைத் தாண்டவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

கணிக்கவும் விவாதிக்கவும் கொங்கு நாட்டில் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஸ்பின்னிங் மில்லின் ரிங் ஃபிரேமில் டிராவலர் என்றொரு துணுக்கு உண்டு. பிறைபோல் வளைந்த சின்ன எஃகுக் கம்பி. நூலை இழுத்துக்கொண்டு வளையத்தின் விளிம்பில் ஓடுவது. வளையத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் டிராவலரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர். அதன் நிறை 30 மில்லிகிராம் என்றால், வட்டப்பாதையிலேயே அதை வைத்திருக்க ஏறக்குறைய 2 நியூட்டன் விசை வேண்டும். கால் கிலோ தக்காளியின் எடையை விடச் சற்றே குறைவு! கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு துணுக்குக்கு இவ்வளவு விசை. அந்த விசை உள்நோக்கியா, வெளிநோக்கியா? டிராவலர் தெறித்தால் எந்தத் திசையில் போகும்? மில்லில் ரிங் ஃபிரேமைக் கவனிக்கும் சைடராக வேலை பார்க்கும் தாயின் மகளுக்கு, மையநோக்கு விசையை நூலில் கட்டிச் சுழற்றும் கல்லோடு நிறுத்திவிடுவது பெரிய இழப்பு.

பைக்காரா மின்சாரம் 1930களில் வந்து, 1937-ல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோரின் முயற்சியில் இங்கேயே மின்மோட்டார் உருவாவதற்கு முன், இந்த மண்ணின் கிணறுகளில் நீர் இறைத்தது எருது பூட்டிய கவலை. சால் என்ற நீர் நிறைந்த கலத்தை இழுக்கும் எருதுகள் சரிவில் இறங்கும்படி பாதை அமைத்தார்கள். எருதின் எடையே இழுப்புக்குத் துணை சேர்ந்தது. ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்தார். சாய்தளத்தில் விசையைப் பகுத்துக் காட்ட இதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மூன்றாம் விதிக்கு மேட்டுப்பாளையம் போக வேண்டும். 1899-ல் குன்னூர் வரை திறக்கப்பட்ட மலை ரயில் பாதை, சில இடங்களில் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறுகிறது. அத்தகைய சரிவில் ஒவ்வொரு டன்னையும் ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமான விசை கீழே இழுக்கும். வழுவழுப்பான இரும்புச் சக்கரமும் தண்டவாளமும் தமக்குள் உள்ள உராய்வை மட்டும் நம்பி அதை எதிர்கொள்வது கடினம். அதனால்தான் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். ரயிலை மேலே தள்ளுவது எது என்று கேட்டால் எஞ்சின் என்றுதான் வகுப்பு சொல்லும். ஆனால் எஞ்சினைத் தள்ளுவது எது? அதன் பல்சக்கரம் பல்சட்டத்தைக் கீழ்நோக்கித் தள்ள, பல்சட்டம் எஞ்சினை மேல்நோக்கித் தள்ளுகிறது. செயலும் எதிர்ச்செயலும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடாதா என்ற மாணவரின் பழைய சந்தேகம் இங்கே தீரும். இரண்டும் வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படுகின்றன.

மலைக்குப் போக முடியாத பள்ளிக்கு இரண்டு சுருள்வில் தராசு போதும். கொக்கிகளை ஒன்றோடொன்று மாட்டி, வகுப்பிலேயே பெரிய மாணவரையும் சிறிய மாணவரையும் இழுக்கச் சொல்லலாம். இழுக்கும் முன், யார் தராசு அதிகம் காட்டும் என்று எல்லோரும் நோட்டில் எழுதிவிட வேண்டும். அப்படி எழுதாவிட்டால், 'எனக்கு முன்னாலேயே தெரியும்' என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். இரண்டு முள்ளும் ஒரே அளவில் நிற்கும்போது வகுப்பில் எழும் சத்தத்தை எந்த ஆசிரியரும் அடக்க வேண்டியதில்லை. சமம் என்றால் பெரியவர் எப்படி ஜெயிக்கிறார் என்ற கேள்வி தானே வரும். ஒருவருக்குச் சாக்ஸ் மாட்டி வழுக்கும் தரையில் நிறுத்தி மறுபடி இழுக்கச் சொன்னால், விடை பாதத்துக்கும் தரைக்கும் இடையே இருக்கிறது என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த அமர்வுகளில் கட்டுரை படிப்பவர்களிடம், அமர்வுத் தலைமை என்ற முறையில் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. புதிய செய்முறை ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்தும்போது, அதற்கு முன் மாணவர்கள் எழுதிய கணிப்புகளையும், குறிப்பாகத் தவறானவற்றை, அவர்கள் சொன்ன காரணங்களோடு அவையில் வையுங்கள். அடுத்த கல்வியாண்டுக்கான பயிற்சிக் கையேட்டை அந்தக் கணிப்புகளிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.